பழைய போட்டோ காட்டிக்கொடுத்த கல்லறை! - கோலார் தங்கவயலில் அப்பாவைத் தேடிய மகள்

நவம்பர் 2, கல்லறைத் திருநாள். மாரிக்குப்பம் ரயில் நிலையத்தில் காலையில் இறங்கிய பலரின் கைகளில் சாமந்தி மாலையும் மெழுகுவத்திப் பாக்கெட்டும் இருந்தன. அந்தக் கூட்டத்தில் அறுபது வயதை நெருங்கும் ஒரு அம்மாவின் பையில் மட்டும் கூடுதலாக ஒரு அரிவாள், ஒரு தண்ணீர் கேன், பாலித்தீன் கவரில் பத்திரமாகச் சுற்றிய ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம்.

மற்றவர்கள் கல்லறைக்குப் பூப்போட வந்திருந்தார்கள். அவர் கல்லறையைத் தேடி வந்திருந்தார்.

1971-ல் இறந்த அவருடைய அப்பா, சுரங்கத்தில் பாறையைத் துளைக்கும் வேலை பார்த்தவர். அப்போது மகளுக்கு வயது ஆறு. 84 வயதாகும் அம்மா இப்போது பெங்களூருவில் படுத்த படுக்கையாக இருக்கிறார். அவர் கேட்பது ஒன்றே ஒன்றுதான்... "என்னை அவர் பக்கத்துல வெச்சிருங்க."

அந்த 'அவர் பக்கம்' எங்கே என்பதுதான் யாருக்கும் தெரியவில்லை.

தங்கம் போனது, ஊரும் கலைந்தது

கோலார் தங்கவயல் என்றால் இன்றைய தலைமுறைக்கு சினிமாதான் ஞாபகத்துக்கு வரும். ஆனால், அது பல தலைமுறைத் தமிழர்களின் வியர்வை. 1880-ல் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் என்ற ஆங்கிலேய நிறுவனம் இங்கே கால்வைத்ததும், வட ஆற்காடு பகுதியிலிருந்து ஏழைக் குடும்பங்கள் சாரைசாரையாக வந்து லைன் வீடுகளில் குடியேறின. 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் கொண்டுவரப்பட்ட ஊர் இது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் பூமிக்குள் 3 கிலோமீட்டருக்கும் கீழே போனது.

ஆழம் கூடக்கூட ஆபத்தும் கூடியது. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சிதறுவதை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள் இந்த ஊர்க்காரர்கள். அதில் தப்பியவர்களையும் சிலிக்கா தூசு விடவில்லை. நுரையீரலில் படிந்து மூச்சை இறுக்கும் சிலிக்கோசிஸ் நோய் பலரைக் கொண்டுபோனது. இந்த அம்மாவின் அப்பாவும் இருமி இருமியே இறந்தவர்தான்.

2001 பிப்ரவரி 28-ம் தேதி சுரங்கம் மூடப்பட்டது. வேலை தேடி பெங்களூருக்கு தினமும் ரயிலேறியவர்களில் பலர் பிறகு அங்கேயே தங்கிவிட்டார்கள். வருஷம் தவறாமல் கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்த கைகள் ஊரைவிட்டுப் போனதும், உண்ணிச்செடி அந்த இடத்தை எடுத்துக்கொண்டது.

"அம்மா நிக்கிற இடத்துல நிப்பேன்"

"சின்னப் பிள்ளையில அம்மா கையைப் பிடிச்சுட்டு வருவேன். அம்மா எங்க நிக்கிறாங்களோ, அங்க நானும் நிப்பேன். எந்த இடம்னு நான் கவனிச்சதே இல்ல. அம்மாவுக்குத் தெரியுமேன்னு விட்டுட்டேன்" என்கிறார் அவர். 1986-ல் கல்யாணமாகி பெங்களூருக்குப் போனவர், அதன்பிறகு கல்லறைத் தோட்டத்துக்கு வந்ததே இரண்டு முறைதான்.

கூட வந்திருந்த மகன், பாட்டிக்கு வீடியோ கால் போட்டார். "புளியமரத்துலேருந்து நேரா வாடா... இடது பக்கம்" என்றது பாட்டியின் குரல். போனைச் சுற்றிக் காட்டினார் பேரன். புளியமரமே இல்லை. ஆள் உயரத்துக்கு முள்ளும் புதரும்தான். பாட்டி சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "மரத்தை வெட்டிட்டாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு மாதத்துக்கு முன்பே சர்ச்சுக்குப் போய் அடக்கப் பதிவேட்டைப் பார்த்திருந்தார்கள். பெயர், வயது, இறந்த தேதி, அடக்கம் நடந்த தேதி எல்லாம் இருந்தது. எந்த வரிசை, எத்தனையாவது குழி என்பது மட்டும் இல்லை.

அதிகாரிகளின் கதை வேறு. மெட்ராஸ் மாகாணத்தில் இருந்த ஐரோப்பியக் கல்லறைகளின் வாசகங்களைத் தொகுத்து, ஜே.ஜே.காட்டன் என்ற அதிகாரி 1905-லேயே புத்தகம் போட்டுவிட்டார். தெற்காசியாவில் இருக்கும் அப்படிப்பட்ட கல்லறைகளைக் கவனிக்கவே 1976-ல் பிரிட்டனில் ஒரு சங்கமும் தொடங்கப்பட்டது. பாறை உடைத்தவர்களுக்கு மிஞ்சியதெல்லாம் செங்கல் மேடும் மரச் சிலுவையும்தான். சிலுவையைக் கரையான் அரித்துவிட்டால், அங்கே யார் படுத்திருக்கிறார் என்று சொல்ல ஆளில்லை.

ரெக்கைக்காரக் கல்லறை

இரண்டு மணி நேரம் தேடியும் பலனில்லை. அப்போதுதான் அந்தப் புகைப்படம் வெளியே வந்தது. அடக்கத்துக்கு முன் சவப்பெட்டியைச் சுற்றி நின்று ஸ்டூடியோக்காரரை வைத்து எடுத்த படம். இதுவரை எல்லோரும் அதில் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள். பேரன் முதன்முறையாக முகங்களை விட்டுவிட்டுப் பின்னணியைப் பார்த்தார்.

இடது ஓரத்தில், தூரத்தில் சுரங்கத்தின் இரும்புக் கோபுரம். வலது ஓரத்தில் பக்கத்துக் கல்லறையின் மேல் ஒரு சிமென்ட் தேவதை, இரண்டு சிறகுகளோடு.

குழி வெட்டிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவரிடம் படத்தைக் காட்டினார்கள். கண்ணைச் சுருக்கிப் பார்த்தவர், "அட, இது ரெக்கைக்காரக் கல்லறை தம்பி! இப்ப ரெக்கை இல்ல, ஒடஞ்சுபோச்சு. வாங்க காட்டுறேன்" என்று மண்வெட்டியைத் தோளில் போட்டு நடந்தார்.

புதருக்குள் சிறகில்லாத தேவதை நின்றிருந்தது. அதன் அருகே நின்று, கோபுரம் படத்தில் உள்ளதுபோல் தெரிகிறதா என்று பேரன் நகர்ந்து நகர்ந்து பார்த்தார். "தாத்தா, இங்க வெட்டுங்க" என்று அவர் கைகாட்டிய இடத்தில் செடியை விலக்க, சரிந்துபோன செங்கல் மேடு ஒன்று தெரிந்தது. தலைமாட்டில் உள்ளங்கை அகலச் சிமென்ட் பலகை. தண்ணீர் ஊற்றி மெதுவாகத் தேய்த்து, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தபோது, பெயரின் கடைசி மூன்று எழுத்துகளும் 1971 என்ற எண்ணும் நிழலாக எழுந்துவந்தன.

அந்த அம்மா எதுவும் பேசவில்லை. அரிவாளைக் கீழே வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நீங்களும் தேடப் போகிறீர்களா?

* முதலில் பெரியவர்களைக் கேளுங்கள்: அவர்கள் சொல்லும் அடையாளங்களைப் போனில் பதிவு செய்யுங்கள். முடிந்தால் அவர்களையே அழைத்துப் போய்விடுங்கள். 'அடுத்த வருஷம் பார்த்துக்கலாம்' வேண்டாம்.

* தேதியைப் பிடியுங்கள்: இறந்த தேதி தெரிந்தால்தான் பதிவேட்டில் தேட முடியும். இறப்புச் சான்றிதழ், சர்ச் அல்லது ஜமாத் பதிவேடு, பழைய கருமாதிப் பத்திரிகை எல்லாமே உதவும்.

* தனியாகப் போகாதீர்கள்: ஷூ, முழுக்கால் பேன்ட், நீளமான குச்சி அவசியம். புதரில் பாம்பு இருக்கலாம். மழைக்காலத்தைவிட, செடிகள் காயும் மாசி, பங்குனியில் தேடுவது சுலபம். புதருக்குத் தீ வைக்க வேண்டாம். சூட்டில் கல் வெடித்துவிடும்.

* கல்லைக் காயப்படுத்தாதீர்கள்: கம்பி பிரஷ், ஆசிட், பிளீச்சிங் பவுடர் கூடாது. தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதும். எழுத்து மங்கியிருந்தால் பக்கவாட்டு வெளிச்சத்தில் படியுங்கள்.

* கண்டுபிடித்ததும் சேமியுங்கள்: கூகுள் மேப்ஸில் இடத்தைக் குறித்து, பக்கத்துக் கல்லறைகளும் தெரியும்படி படமெடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள். 'ஃபைண்ட் எ கிரேவ்', 'பில்லியன் கிரேவ்ஸ்' தளங்களிலும் பதியலாம். உலகப்போர்களில் இறந்த வீரர்கள் என்றால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைப் போட்டே தேடலாம்.

"பக்கத்துல இடம் இருக்கா?"

மாலையில் மீண்டும் வீடியோ கால். சுத்தமான மேடு, சாமந்தி மாலை, காற்றுக்குக் கையால் மறைத்துப் பிடித்த மெழுகுவத்தி. பாட்டி போனை முகத்துக்கு அருகில் வைத்து வெகுநேரம் பார்த்தார். அழுவார் என்று நினைத்தார்கள். அவர் கேட்டது வேறு.

"பக்கத்துல இடம் இருக்காடா?"

பேரன் கேமராவைத் திருப்பிக் காட்டினார். ஒருபுறம் தேவதை. மறுபுறம் செடி வெட்டிய வெற்று நிலம்.

அங்கே அடக்கம் செய்ய சர்ச்சின் அனுமதி வேண்டும். ரயிலுக்குக் கிளம்பும் முன், அம்மாவும் மகனும் அதற்கான கடிதத்தை எழுதிக் கொடுத்துவிட்டே போனார்கள்.