காய்ச்சலோடு இரயிலேறுகிறீர்களா?

உங்கள் குடியிருப்பில் ஒரு வீட்டில் இருமல் தொடங்கினால் அடுத்த வாரம் ஐந்து வீடுகளில் அது கேட்கும். "சாதாரணச் சளிதான்" என்று மாத்திரையொன்றை விழுங்கிவிட்டு வேலைக்குப் புறப்படுகிறீர்கள். விடுப்பில்லாத வேலையில் இருப்பவருக்கு வேறு வழி ஏது? ஆயினும் அந்தக் காய்ச்சலைக் கணக்கெடுத்துக்கொண்டிருக்கும் சிலர் இந்நாட்டில் உண்டு என்பதை அறிவீர்களா?

இன்புளுயன்சா நம் நாட்டில் ஆண்டுக்கு இருமுறை தலைதூக்குகிறது: ஜனவரி முதல் மார்ச் வரை ஒருமுறை, பருவமழைக்குப் பின் மறுமுறை. காய்ச்சலுள்ள யாவரையும் பரிசோதிப்பது இயலாத காரியம். ஆகவே சுகாதாரத் துறையினர் மருத்துவமனைப் படுக்கைகளை உற்றுநோக்குகின்றனர். பத்து நாட்களுக்குள் தொடங்கிய காய்ச்சலும் இருமலும் முற்றி, அனுமதிக்கப்பட வேண்டிய நிலைக்கு வந்தவர்களே இக்கணக்கில் சேருகிறவர்கள். மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் எடுக்கப்படும் மாதிரி ஆய்வகத்திற்குச் செல்லுகிறது. புனேயில் 1952-இல் தோன்றி, இன்று தேசிய வைராலஜி நிறுவனம் எனப்படும் ஆய்வகம் இவ்வேலையில் முதன்மையானது. மாவட்டந்தோறும் கணக்கைத் திரட்டும் ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004-இல் ஆரம்பமாயிற்று.

பன்றிக்காய்ச்சல் என்று மக்கள் அழைத்த எச்1என்1 வகையினால் 2015-இல் மாத்திரம் 42,592 பேர் நோயுற்றதாகவும், 2,990 பேர் மரித்ததாகவும் இக்கணக்கு காட்டிற்று. 2023 மார்ச்சில் விடாத இருமல் ஊரெங்கும் வாட்டியபோது, காரணம் எச்3என்2 வகை என்று கண்டறிந்ததும் இதே முறைதான். அவ்வகையால் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப்பேருக்குப் பிராணவாயுவும், ஏழுபேருக்குத் தீவிர சிகிச்சையும் தேவைப்பட்டதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் அப்போது அறிவித்தது. எத்தனை படுக்கை, எவ்வளவு மருந்து என்பதை இத்தகைய எண்களைக் கொண்டே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஆனால் இக்கணக்கில் ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியே நழுவுகிறவர்கள் பெரும்பாலும் நம்மைப் போல் பிழைக்க வந்தவர்களே. மருந்துக்கடையோடு நின்றுவிடுகிறவர் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. "ஊருக்குப் போனால் அம்மா கைச்சோற்றில் சரியாகிவிடும்" என்று காய்ச்சலோடு இரயிலேறுகிறவர் நிலைமை இன்னும் மோசம். மும்பையில் தொற்றிய நோய் நாகர்கோவிலில் எண்ணப்படும். மும்பைக்கோ அபாயம் தெரியாது. அதைவிடப் பெரிது வேறொன்று. ஓசெல்டமிவிர் மருந்து நோய் தொடங்கிய 48 மணி நேரத்திற்குள் கொடுக்கப்பட்டால்தான் மிகுந்த பலன் தரும். அந்த நேரத்தில் பாதிக்குமேல் இரயில் பெட்டியிலேயே கழிந்துபோகிறது. பெட்டியிலிருக்கும் மற்றவர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

ஆகையால் கர்ப்பிணிகள், முதியோர், சிறுபிள்ளைகள், சர்க்கரை நோயாளிகள், ஆஸ்துமா உள்ளோர் ஆகியோருக்குக் காய்ச்சல் கண்டால் பிரயாணத்தைத் தள்ளிவைத்து அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். எவருக்காயினும் மூச்சுத்திணறலோ, நெஞ்சுவலியோ, உதடு நீலமாகுதலோ கண்டால் நேரே மருத்துவமனைக்கு விரையுங்கள். அனுமதிச் சீட்டு எழுதுகிறவர் முகவரி கேட்கும்போது பழக்கத்தில் ஊர் முகவரியைச் சொல்லிவிடாதீர்கள். இப்போது குடியிருக்கும் வீட்டின் கதவிலக்கத்தையே சொல்லுங்கள். உங்கள் பக்கத்து வீட்டாரையும் விசாரிக்க வேண்டிய சுகாதாரப் பணியாளர் அந்த இலக்கத்தைத் தேடியே வருவார்.