உளுந்து விதைக்கும் காலம்

வீட்டுத் தோட்டத்தில் அவரையும் வெண்டையும் கத்தரியும் வளர்க்கிறவர்கள் எத்தனையோ பேர் இருக்க, இட்லிக்கும் தோசைக்கும் வடைக்கும் நித்தமும் வேண்டியிருக்கிற உளுந்தை ஒரு பாத்தியிலேனும் விதைத்துப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே. அச்சிலரிலும் பலர், செடி தழைத்து நின்றும் காய் பிடிக்கவில்லையென்று மனம் சலித்து, மண்ணின்மேல் பழியைப் போட்டுவிடுகிறார்கள். அது நியாயமன்று. நீர் தேங்காத மண்ணாக இருந்தால் உளுந்து பெரும்பாலும் எங்கும் வரும். குறை அநேகமாக விதைத்த நாளில்தான் இருக்கிறது.

உளுந்தின் ஆயுள் குறுகியது. விதைத்த நான்காம் ஐந்தாம் நாளில் முளை தலைகாட்டி, 30, 35 நாட்களில் சிறு மஞ்சள் பூக்கள் மலர்ந்து, 65 முதல் 75 நாட்களுக்குள் காய்கள் கறுத்து முற்றிவிடுகின்றன. இவ்வளவு சொற்பமான காலத்திற்குள் அது முளைப்பதற்கு ஈரத்தையும், பூப்பதற்குக் கனமழை இல்லாத மிதமான வானத்தையும், முற்றுவதற்கு வறண்ட வெயிலையும் முறையே வேண்டி நிற்கிறது. பூக்கும் சமயத்தில் பெருமழை அடித்தால் பூக்கள் உதிர்ந்துபோகும். முற்றிய காயின்மேல் விடாமல் தூறினாலோ, செடியில் இருக்கும்போதே காய்க்குள் விதை முளைவிட்டுவிடும். ஆகையால் விதைக்கும் நாளை நிச்சயிக்க விரும்புகிறவர், தம் ஊரில் எப்போது மழை ஓய்ந்து வெயில் காயும் என்பதை முதலில் தீர்மானித்துக்கொண்டு, அங்கிருந்து 70 நாட்களைப் பின்னோக்கி எண்ணுவதே உத்தமமான வழி.

அப்படி எண்ணிப் பார்த்தால், ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்ன முன்னோரின் கணக்கு எவ்வளவு நுட்பமானது என்பது விளங்கும். ஆடி நடுவில் விதைத்த உளுந்து புரட்டாசி மூன்றாம் வாரத்தில் முற்றி, ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை பிடிப்பதற்குள் வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. அதையே சோம்பலால் ஆவணிக் கடைசிக்குத் தள்ளிப்போட்டால், சென்னை, கடலூர் போன்ற கரையோரப் பிரதேசங்களில் காய் முற்றும் நாளும் அடைமழையும் ஒன்றாக வந்து வாய்க்கும். மழை குறைந்த தென் மாவட்டங்களின் கரிசல் காடுகளில் புரட்டாசிப் பட்டத்திலேயே மானாவாரியாக உளுந்து போடுகிறார்கள். அந்தப் பூமிக்கு அது பொருத்தம்.

ஆயினும், வாளியால் நீர் மொண்டு ஊற்றக்கூடிய வசதியுள்ள தோட்டக்காரருக்கு நான் துணிந்து சிபாரிசு செய்வது தைப்பட்டத்தையே. தை முதல் பாதியில் விதைத்தால் பங்குனியின் தெளிந்த வெயிலில் காய் முற்றும். காவேரி டெல்டாவில் இதே பருவத்தைத்தான் நெல் தரிசு உளுந்துக்குப் பயன்படுத்துகிறார்கள்: சம்பா, தாளடி அறுவடைக்கு 7 முதல் 10 நாட்கள் முன்பாக, மண் மெழுகுபதத்தில் இருக்கையில், நிற்கிற நெற்பயிருக்கிடையிலேயே ஆடுதுறை 3 போன்ற ரகத்தைத் தெளித்துவிடுகிறார்கள். உழவுமின்றித் தனிப் பாசனமுமின்றி, நெல் விட்டுச்சென்ற ஈரத்தையும் பனியையும் கொண்டே அது விளைந்துவிடுகிறது. சித்திரைக்குப் போக வேண்டாம். கடும் வெப்பத்தில் பூ நிற்பதில்லை. அதோடு, வெயில் காலத்தில் பெருகும் வெள்ளை ஈ, இலைகளைத் திட்டுத்திட்டாக மஞ்சளாக்கும் தேமல் நோயைச் செடிக்குச் செடி பரப்பும். நோய்கண்ட செடியைத் தயங்காமல் பிடுங்கி அப்புறப்படுத்த வேண்டும். வம்பன் 8 போன்ற ரகங்கள் இந்நோயை எதிர்த்து நிற்கக்கூடியவை.

10 அடிக்கு 10 அடிப் பாத்திக்கு 20 கிராம் விதை தாராளம். கடையில் விற்கும் தோல் நீக்கிய பருப்பு முளைக்காதாகையால் கறுப்புத் தோலோடு கூடிய முழு உளுந்தாகப் பார்த்து வாங்கி, ஆறின சோற்றுக் கஞ்சியில் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தைக் கலந்து, அதில் விதையைப் புரட்டி நிழலில் உலர்த்தி, வரிசைக்கு வரிசை ஓரடியும் செடிக்குச் செடி நான்கு விரற்கிடையும் விட்டு ஊன்றலாம். பூக்கும் தறுவாயில் ஒரு செடியை மெல்லத் தோண்டியெடுத்துப் பாருங்கள்: வேரில் கடுகளவும் மிளகளவுமாக முண்டுகள் ஒட்டியிருக்கும். அவற்றில் ஒன்றை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரியும். காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துச் செடிக்கு ஆகாரமாக மாற்றும் நுண்ணுயிர்கள் அங்கே வேலை செய்கின்றன என்பதற்கு அந்நிறமே அத்தாட்சி. இத்தகைய செடிக்கு யூரியாவை அள்ளிப் போட்டால் இலைதான் மிகும், காய் மிகாது.

மெல்லிய ரோமம் படர்ந்த குட்டைக் காய்களில் பெரும்பாலானவை கறுத்தவுடன், செடியை வேரோடு பிடுங்காமல் அடியில் அரிவாளால் அறுத்துக் களத்தில் காயவைத்து, தடியால் தட்டி முறத்தில் புடைத்துக்கொள்ளலாம். நன்றாக வாய்த்தால் அந்தப் பாத்தியில் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை கிடைக்கும். மண்ணில் விட்ட வேர் அங்கேயே மக்கட்டும். அடுத்த மழைக்கு அதே இடத்தில் கத்தரி நாற்றை நடலாம்.