சுவர் எழுப்பும் முன் மானிட்டரில் எழுப்பிப் பாருங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் கேம்ஸ், பாட்டு, சினிமா எல்லாம் அலுத்தபின் 'இதில் வேறென்ன செய்யலாம்?' என்று கேட்பார்கள். ஹாலைப் பிரிக்கலாம்! நாங்கள் அதைத்தான் செய்தோம்.

புதுச்சேரியில் வைசியாள் வீதி போன்ற பழைய தெருக்களில் உள்ள தமிழர் வீடுகளைக் கவனித்திருப்பீர்கள். தெருவை ஒட்டித் தாழ்வாரம், உயரமான திண்ணை, உள்ளே தூண்கள் சூழ்ந்த முற்றம். யார் எதுவரை வரலாம் என்பதைத் தரையின் ஏற்ற இறக்கமும் தூண்களுமே சொல்லிவிடும். ஃபிளாட்டில் தரை ஒரே மட்டம். கதவைத் திறந்தால் சோபா, டிவி, சாப்பாட்டு மேஜை எல்லாம் ஒரே பார்வையில் தெரியும்.

எங்கள் ஹால் 22 அடிக்கு 13 அடி. அதன் ஓரத்தில்தான் ஆயாவின் கட்டில். யாராவது வந்தால் ஆயா எழுந்து உட்கார்ந்துவிடுவார். பகலில் படுக்கவே முடியாது. "குறுக்கே ஒரு செங்கல் சுவர் வச்சிடலாம்" என்றார் அப்பா. கொத்தனாரிடமும் பேசியாயிற்று.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் 'ஸ்வீட் ஹோம் 3டி' சாப்ட்வேரை இன்ஸ்டால் செய்தேன். இலவசம். இந்தப் பெயரை டைப் செய்து தேடினால் அதன் தளம் கிடைக்கும். உருவாக்கியவர் எமானுவேல் புய்பாரே என்ற பிரெஞ்சுக்காரர் (நம்மூருக்குப் பொருத்தம்தான்!). விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இயங்கும்.

திறந்ததும் திரை நான்காகப் பிரிந்திருக்கும். இடது மேலே கட்டில், மேஜை போன்ற பொருட்கள். வலது மேலே நீங்கள் வரையும் பிளான். அதன் கீழே அதே வீடு முப்பரிமாணத்தில். முதலில் பிரிஃபரன்சஸ் போய் அளவை அடி, அங்குலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு 'கிரியேட் வால்ஸ்' எடுத்து மூலைக்கு மூலை கிளிக் செய்யுங்கள். முடிக்க டபுள் கிளிக். அளவுகளை டேப் பிடித்து எடுங்கள், குத்துமதிப்பு வேண்டாம்.

அடுத்தது 'கிரியேட் ரூம்ஸ்'. இதற்குச் சுவர் தேவையில்லை. ஹாலின் நடுவிலேயே நான்கு இடங்களில் கிளிக் செய்தால் அது ஒரு தனிப் பகுதி. அதற்குப் பெயர் வைக்கலாம், தரைக்கு வேறு நிறம் கொடுக்கலாம், சதுர அடியும் தெரியும். 'சாப்பாடு', 'படிப்பு', 'ஆயா' என்று பிரித்துப் பார்த்தபோதுதான் சோபா எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கிறது என்று புரிந்தது.

பிறகு அப்பாவின் சுவரையும் வரைந்தேன். 'விர்ச்சுவல் விசிட்' என்ற வசதியில் வீட்டுக்குள் நடந்து பார்க்கலாம். பார்ப்பவரின் உயரத்தையும் மாற்றலாம். கட்டிலில் படுத்திருக்கும் உயரத்துக்கு, அதாவது சுமார் 2 அடிக்கு, இறக்கிப் பார்த்தேன். திரை முழுக்கச் சுவர்.

ஆயாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "என்னடா தம்பி, என்னைச் சுவத்துக்கு அந்தாண்ட வச்சிட்ட?" என்றார். அப்பா பேசவில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் ஹாலில் ஜன்னல் ஒரே பக்கம்தான். சுவர் வந்தால் கடல் காற்று அதோடு நின்றுவிடும். இதை சாப்ட்வேர் சொல்லாது. நாம்தான் யோசிக்க வேண்டும். நம்மூரிலேயே இதற்கு ஒரு முன்மாதிரி இருக்கிறது. அரவிந்தர் ஆசிரமத்தின் 'கோல்கொண்ட்' விடுதி 1937-ல் கட்டத் தொடங்கப்பட்டது. வடிவமைத்தவர் அன்டோனின் ரேமண்ட். அங்கே அறைகளுக்குத் தேக்குச் சட்டங்களாலான நகரும் கதவுகள். காற்று உள்ளே போகும், பார்வை போகாது.

அதையே சிறிதாகப் பின்பற்றினோம். மானிட்டரில் சுவரை டபுள் கிளிக் செய்து உயரத்தை 4 அடியாகக் குறைத்தேன். அந்த அளவில் ஒரு புத்தக அலமாரி. வாசல் பக்கம் மட்டும் மரச் சட்டத் தடுப்பு. பிளானை பிரிண்ட் எடுத்துத் தச்சரிடம் கொடுத்தேன். கொத்தனாருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொன்னது அப்பாதான்.

கம்ப்யூட்டர் மேஜைக்கும் இடம் மாறியது. ஜன்னலுக்கு எதிரே மானிட்டர் இருந்தால் காலை வெயிலில் எதுவும் தெரியாது. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் திருப்பி வையுங்கள். பிளக் பாயின்ட் எங்கே என்று பிளானிலேயே குறித்துக்கொள்ளுங்கள். நான் அதை மறந்துவிட்டு, இப்போது அலமாரிக்குப் பின்னால் கைவிட்டு எக்ஸ்டென்ஷன் கார்டு மாட்டிக்கொண்டிருக்கிறேன்.