புஸ்வாணமும் புல்லரிப்பும்



ஐப்பசி பிறந்துவிட்டால் சிவகாசிப் பக்கம் பேச்செல்லாம் பட்டாசுதான். அப்படி ஒரு சாயங்காலம், எங்கள் வீட்டு மொட்டை மாடியில், என் அக்கா பேத்தி முதன்முதலாகத் தன் கையால் ஒரு புஸ்வாணத்துக்கு நெருப்பு வைத்தாள். பக்கத்தில் வாளி நிறையத் தண்ணீர். அவள் கையில் நீள ஊதுபத்தி. இரண்டு தடவை கிட்டே போய்த் திரும்பி ஓடிவந்தாள். மூன்றாவது தடவை திரி பற்றிக்கொண்டது. முதலில் 'சுர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு ஆள் உயரத்துக்குப் பொன்னிறப் பொறிகள் எழும்பி, குடைபோல விரிந்து, தரையில் உதிர்ந்தன.

ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கை சில்லென்று இருந்தது.

"தாத்தா, நெஞ்சு படபடன்னு அடிக்குது. எனக்குப் பயமாவும் இருக்கு, சந்தோசமாவும் இருக்கு. தாங்க முடியல தாத்தா!"

அவள் சொன்னதற்குள் உடம்பின் அறிவியலும் இருக்கிறது, மொழியின் அறிவியலும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போமா?

உடம்புக்குள் பற்றிய திரி

நம் இரண்டு சிறுநீரகங்களின் தலையிலும் தொப்பி வைத்ததுபோல ஒவ்வொரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. பயமோ பரபரப்போ வந்தால், மூளையிலிருந்து அதற்குத் தகவல் போகும். உடனே அது அட்ரினலின் என்ற சுரப்பை இரத்தத்தில் கலந்துவிடும். இதயம் வேகமாக அடிக்கும். தோலுக்குப் போகும் இரத்தம் குறைந்து, தசைகளுக்கு அதிகமாகப் போகும். உள்ளங்கை சில்லிட்டது அதனால்தான். ஒவ்வொரு மயிர்க்காலிலும் ஒட்டியிருக்கும் மிகச் சின்னத் தசை சுருங்கும்போது மயிர் நட்டமாக நிற்கும். அதுதான் புல்லரிப்பு.

இந்த அட்ரினலினைத் தனியே பிரித்தெடுத்து 1901இல் உலகத்துக்குச் சொன்னவர் ஜோகிச்சி தகமினே என்ற ஜப்பானிய வேதியியலாளர். அவருடைய தாய்மொழியிலும் 'தாங்க முடியல' உண்டு. அந்தக் கதைக்குக் கொஞ்ச நேரத்தில் வருகிறேன்.

'நான்' எங்கே போனேன்?

'நான் ஓடுகிறேன்', 'நான் எழுதுகிறேன்' என்கிறோம். ஆனால் 'நான் பசிக்கிறேன்' என்கிறோமா? இல்லை. 'எனக்குப் பசிக்குது' என்கிறோம். 'எனக்கு வலிக்குது', 'எனக்குக் குளிருது', 'எனக்குப் பயமா இருக்கு', 'எனக்குச் சிரிப்பு வருது'. எல்லாவற்றிலும் 'நான்' போய் 'எனக்கு' வந்துவிட்டது.

'கு' என்பது நான்காம் வேற்றுமை உருபு. 'எனக்குக் கொடு' என்று வாங்குகிறவரைக் காட்டுவதும் அதே உருபுதான். ஓடுவதும் எழுதுவதும் நாம் செய்கிற வேலை. பசியும் வலியும் நாம் செய்பவை அல்ல, நம்மிடம் வந்து சேர்பவை. இந்த வேறுபாட்டைத் தமிழ் ஓர் எழுத்தில் காட்டிவிடுகிறது. தூக்கமும் கோபமும் அழுகையும்கூட நமக்கு 'வருகின்றன'. பயம் வந்ததற்காக யாரும் வெட்கப்பட வேண்டாம் என்று நம் இலக்கணமே சொல்வதாக நான் நினைத்துக்கொள்வேன். நீயாக வரவழைக்காத ஒன்று உன் குற்றம் ஆகுமா?

படபட, சுள்சுள், டோகி டோகி

அடுத்தது 'படபட'. இதைப் பிரித்து 'பட' என்று மட்டும் சொன்னால் அந்தப் பொருள் கிடைக்காது. இப்படி இரட்டையாகவே வாழும் சொல்லை இரட்டைக்கிளவி என்பார்கள். கண்ணாடி பளபளக்கும், முள் குத்திய விரல் சுள்சுள் என்று வலிக்கும், பல்வலி விண்விண் என்று தெறிக்கும், மிளகாய் பட்ட உதடு திகுதிகு என்று எரியும். காதுக்குக் கேட்கும் சத்தம் மட்டுமல்ல, கண்ணுக்கும் தோலுக்கும் நெஞ்சுக்கும் தெரிவதையும் ஒலியாக்கிவிடுகிறோம்.

இந்த வித்தையில் ஜப்பானியர்கள் நமக்குச் சளைத்தவர்கள் அல்லர். நெஞ்சு அடித்துக்கொண்டால் 'டோகி டோகி'. நட்சத்திரம் மின்னினால் 'கிரா கிரா'. காரம் நாக்கில் சுரீரென்று ஏறினால் 'பிரி பிரி'.

ஓர் ஒலிக்கும் ஓர் உணர்வுக்கும் உள்ளூர உறவு இருக்குமா? வூல்ஃப்காங் கோலர் என்ற உளவியலாளர் 1929இல் இதைப் பற்றிய ஒரு சோதனையை எழுதினார். 2001இல் வி. எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும் அதே சோதனையைப் புதிய சொற்களோடு செய்தார்கள். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த மூளை அறிவியலாளர். கூரான முனைகள் உள்ள ஒரு படம், வழவழவென்று வளைந்த ஒரு படம். எது 'கிக்கி', எது 'பூபா' என்று கேட்டார்கள். அமெரிக்க மாணவர்களிடமும் கேட்டார்கள், நம் தமிழ் பேசுபவர்களிடமும் கேட்டார்கள். இரு தரப்பிலும் ஏறக்குறைய எல்லோருமே கூரானதுதான் 'கிக்கி' என்றார்கள். 'கிக்கி' என்று சொல்லும்போது நாக்கு வெடுக்கென்று அண்ணத்தைத் தொட்டு விலகுகிறது. 'பூபா' என்னும்போது உதடு உருண்டு குவிகிறது. காதும் கண்ணும் வாயும் மூளைக்குள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன.

தாங்க முடியல!

இப்போது அவள் சொன்ன கடைசி வாக்கியம். சந்தோஷம் என்ன மூட்டையா, தாங்குவதற்கு? ஆமாம் என்கிறது தமிழ். தூக்க முடியாத மூட்டைக்கும் அடக்க முடியாத மகிழ்ச்சிக்கும் ஒரே சொல்தான்: தாங்கல.

ஜப்பானியர்கள் அதே மகிழ்ச்சியை 'உரெஷிகுதெ தமரனை' என்பார்கள். 'உரெஷிகுதெ' என்றால் 'மகிழ்ச்சியாக இருந்து'. 'தமரனை' என்றால் 'தாங்க முடியவில்லை'. குளிர் வாட்டினால் 'சமுகுதெ தமரனை'. சொற்கள் வேறு, கட்டுமானம் நம்முடையதைப் போலவே இருக்கிறது, பார்த்தீர்களா? இதுபோன்ற ஒற்றுமைகளைக் கண்டு வியந்தவர் சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய மொழி அறிஞர். யாழ்ப்பாணத்துச் சண்முகதாஸ், மனோன்மணி தம்பதியோடு சேர்ந்து பல ஆண்டுகள் ஆராய்ந்து, இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்றார். மொழியியலாளர் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. உறவு இல்லாத மொழிகளும் ஒரே வழியைக் கண்டுபிடித்திருக்கின்றன என்றால் அதுவும் வியப்புதானே?

உணர்ச்சி பொங்கும்போது நமக்கு இன்னொரு வழியும் உண்டு. அது அடுக்குத்தொடர். 'பாம்பு பாம்பு!', 'தீ தீ தீ!' அச்சம், கோபம், மகிழ்ச்சி, துயரம், விரைவு வரும்போது சொல் அடுக்கி வரும் என்று நம் இலக்கணம் சொல்லித்தரும். 'தீ தீ தீ' என்பது காலங்காலமாகச் சொல்லிவரும் எடுத்துக்காட்டு. சிவகாசிக்காரர்களுக்கு அது வெறும் எடுத்துக்காட்டு இல்லை.

இப்படி உணர்ச்சியைச் சொல்வதால் என்ன பயன்? மாத்யூ லீபர்மன் என்ற உளவியலாளரின் குழுவினர் 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. பயமும் கோபமும் தெரியும் முகங்களின் படங்களைக் காட்டி, அந்த உணர்ச்சிக்கு உரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கச் சொன்னார்கள். பேர் சூட்டியவுடன் மூளையில் பயத்தோடு தொடர்புள்ள அமிக்டலா என்ற பகுதியின் பரபரப்பு குறைந்தது. 'தாங்க முடியல' என்று சொல்வதே பாரத்தில் கொஞ்சத்தை இறக்கிவைப்பதுதான்.

அவளுக்கு எப்படி இருக்கும்?

ஜப்பானிய மொழியில் எனக்கு மிகவும் பிடித்தது ஒன்று உண்டு. 'எனக்குக் குளிர்கிறது' என்று தாராளமாகச் சொல்லலாம். ஆனால் அடுத்தவரைப் பற்றி அப்படியே சொல்வது அங்கே வழக்கமில்லை. 'கரு' என்ற ஒட்டைச் சேர்த்து 'சமுகரு' என்று மாற்ற வேண்டும். 'குளிருக்கான அடையாளம் அவரிடம் தெரிகிறது' என்று பொருள். அடுத்தவர் நெஞ்சுக்குள் நீ போய்ப் பார்த்தாயா? வெளியே தெரிவதைத்தானே பார்த்தாய்? அதை மட்டும் சொல் என்கிறது அந்த இலக்கணம். நாமும் 'பசிக்குது போல', 'பசிக்குதாம்' என்கிறோமே, அந்த மாதிரி.

தொல்காப்பியர் ஓர் இயல் முழுவதும் இதைப் பற்றியே எழுதியிருக்கிறார். அதன் பெயர் மெய்ப்பாட்டியல். மெய் என்றால் உடம்பு. உள்ளே இருப்பது உடம்பில் வெளிப்படுவது மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. இளிவரல் என்றால் இழிவாக உணர்தல். மருட்கை என்றால் வியப்பு.

சரவெடி வெடிக்கும்போது கட்டிலுக்கு அடியில் போய்ச் சுருண்டுகொள்ளும் நாய்க்கு 'எனக்குப் பயமா இருக்கு' என்று சொல்ல வாய் இல்லை. வாலை ஒடுக்கிக்கொண்டு நடுங்குகிறது. அந்த மெய்ப்பாட்டைப் பார்த்து நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பட்டாசு செய்பவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜப்பானில் வாணவேடிக்கை வானத்தில் விரியும்போது கூட்டம் 'தமயா!', 'ககியா!' என்று கூவும். எடோ (இன்றைய டோக்கியோ) நகரத்தில் அந்தக் காலத்தில் வாணம் செய்த இரண்டு கடைகளின் பெயர்கள் அவை. மகிழ்ச்சி தாங்காதபோது செய்தவர் பெயரைச் சொல்லிக் கூவுகிறார்கள்!

நம் ஊரில் சரம் பின்னுகிற அக்காவை, மருந்து நிரப்புகிற அண்ணனை நினைத்துப் பாருங்கள். வேலை முடிந்து பஸ்ஸைவிட்டு இறங்கும்போது அலுமினியத்தூள் பட்ட விரல்கள் வெள்ளியாக மின்னும். வெளியூர்க்காரர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள்: "அவங்களுக்குப் பழகிப்போச்சு, பயமே கிடையாது." ஜப்பானிய இலக்கணம் இதை ஒத்துக்கொள்ளாது. நம் தொல்காப்பியரும் ஒத்துக்கொள்ளமாட்டார் என்றே நினைக்கிறேன். பயமா இல்லையா என்பதை அவரவர்தான் சொல்ல முடியும். தெரிய வேண்டுமென்றால் கேட்க வேண்டும். சொல்லும்போது காதுகொடுக்க வேண்டும்.

அன்றைக்கு என் அக்கா பேத்தியும் அதைத்தான் செய்தாள். படபடப்பு அடங்கியதும், எங்கள் எதிர்வீட்டுத் திண்ணையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்த அக்காவிடம் இறங்கிப் போனாள். அவர் பட்டாசு ஆலையில் வேலை பார்ப்பவர்.

"அக்கா, மருந்து அடைக்கும்போது உங்களுக்கு எப்படி இருக்கும்?"

அந்த அக்கா அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "இத்தனை வருசத்துல யாரும் கேட்டதில்ல கண்ணு, உக்காரு" என்று திண்ணையில் இடம் ஒதுக்கினார்.

செய்து பாருங்கள்

1. ஒரு தாளில் கூரான படம் ஒன்றும் வளைவான படம் ஒன்றும் வரையுங்கள். வீட்டில் பத்துப் பேரிடம் எது 'கிக்கி', எது 'பூபா' என்று கேட்டுக் கணக்கெடுங்கள்.

2. ஒரு நாள் முழுதும் உங்கள் வீட்டில் காதில் விழும் இரட்டைக்கிளவிகளைக் குறித்துவையுங்கள். எது சத்தம், எது தோற்றம், எது வலி, எது உணர்ச்சி என்று பிரியுங்கள்.

3. ஒருவரிடம் "உங்களுக்கு எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். அவர் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள்.