இடுப்பில் ஒரு ரிவால்வர்

சுந்தரபாண்டியபுரத்தை வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்திருப்பது சூரியகாந்தியால்தான். ஆடி மாதக் காற்றில் மஞ்சள் மஞ்சளாக வயல் அசையும்போது கேரளாவிலிருந்து கார் காராக வந்து படம் எடுத்துக்கொண்டு போவார்கள். 'ரோஜா' படம் எடுத்த ஊர் என்று இன்னமும் சொல்வார்கள். அமைதியான ஊர். ஆனால் ஊரைச் சுற்றிப் பணம் புழங்குகிறது. சுரண்டையிலும் பாவூர்சத்திரத்திலும் மொத்த வியாபாரம் நடக்கிறது. பீடிக் கூலிப் பட்டுவாடா உண்டு. தென்காசியில் நகைக்கடை, மேற்கே மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு. ரொக்கப் பையோடு இருட்டில் பைக்கில் வீடு திரும்பும் ஒருவருக்கு, 'கைத்துப்பாக்கிக்கு லைசென்ஸ் போட்டால் என்ன?' என்று தோன்றினால் அதில் வியப்பில்லை.

அப்படித் தோன்றியவர்கள் முதலில் கேட்பது எந்தக் கம்பெனி, என்ன விலை என்பதைத்தான். அந்தக் கேள்விக்குப் பதில் இருக்கிறது, சொல்கிறேன். ஆனால் நம் நாட்டில் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது இந்தக் காரியத்தின் கடைசிப் படி. அதற்கு முன்னால் உள்ளவற்றைச் சரியாகச் செய்தவர்களில் பாதிப்பேர், துப்பாக்கியே வேண்டாம் என்று திரும்பிவிட்டால் நல்லது என்பது என் எண்ணம்.

முதலில் சட்டம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 2016-ஆம் ஆண்டு ஆயுத விதிகளும்தான் அடிப்படை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம் போகும். 2019 நவம்பரில் தென்காசி தனி மாவட்டம் ஆனதால் சுந்தரபாண்டியபுரத்துக்காரர் இதற்காகத் திருநெல்வேலி வரை அலைய வேண்டியதில்லை. காவல் துறை விசாரித்து அறிக்கை தர வேண்டும். உடலும் மனமும் நலமாக இருப்பதாக மருத்துவரின் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி பெற்றதற்கும் சான்று வேண்டும்.

சட்டத்தின் 13-ஆம் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். எல்லாத் துப்பாக்கியையும் அது ஒரே கண்ணால் பார்ப்பதில்லை. 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் உள்ள, உட்புறம் வழவழப்பான நீளத் துப்பாக்கியைப் பாதுகாப்புக்கென்று கேட்டாலோ, பயிரைக் காக்க மருந்து கிட்டித்துச் சுடும் துப்பாக்கியைக் கேட்டாலோ, சட்டம் விண்ணப்பதாரர் பக்கம் சாய்ந்து நிற்கிறது. மறுப்பதற்கு வேறு தடை இல்லையென்றால் கொடுக்க வேண்டும். கைத்துப்பாக்கி அந்த வரிசையில் இல்லை. அதற்கு 'தக்க காரணம்' இருப்பதாக அதிகாரி மனநிறைவு அடைய வேண்டும். மேக்கரை, வடகரைப் பக்கம் பன்றி கிழங்கைத் தோண்டிப்போடுகிறது, யானை தென்னையைச் சாய்க்கிறது என்று ஒரு விவசாயி சொல்லும் காரணம் ரிவால்வருக்குக் காரணம் ஆகாது. ரிவால்வரால் பன்றியை விரட்டவும் முடியாது. அது மனிதனை நோக்கி, மிக அருகிலிருந்து சுடுவதற்கென்றே செய்த கருவி. சட்டம் அதைத் தனியே வைத்துப் பார்ப்பது சரிதான்.

தொழிலின் தன்மையால் உயிருக்கோ உடைமைக்கோ மெய்யான ஆபத்து உள்ளவர், படையிலும் காவல் துறையிலும் பணியாற்றுபவர், பணியாற்றி ஓய்வு பெற்றவர், துப்பாக்கிச் சங்கத்தில் தொடர்ந்து பயிலும் விளையாட்டு வீரர் ஆகியோரை விதிகள் பரிசீலனைக்குரியவர்களாகக் குறிப்பிடுகின்றன. சொத்து போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. துப்பாக்கி வசதி படைத்தவர்களின் அலங்காரம் என்று ஊரில் நிலைத்துவிட்ட எண்ணத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அதேசமயம், ஆயுதம் வைத்திருப்பது இங்கே அடிப்படை உரிமையும் இல்லை. அமெரிக்க அரசியல் சட்டம் தரும் உரிமை நம்முடையதில் இல்லை என்பதை 2023 பிப்ரவரியில், லைசென்ஸ் இல்லாத ஆயுதங்கள் குறித்த வழக்கில், உச்ச நீதிமன்றம் சுட்டிக்காட்டியது.

இந்தக் கெடுபிடிக்கு இந்தச் சீமையில் நீண்ட பின்கதை உண்டு. 1801 டிசம்பரில் பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, தெற்கத்திச் சீமையில் எவரும் ஆயுதம் வைத்திருக்கக் கூடாது என்று சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவ் பிரகடனம் செய்தார். சிவகிரியும் சொக்கம்பட்டியும் ஊற்றுமலையும் பாளையங்களாக இருந்த மண் இது. 1878-இல் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களுக்கு லைசென்ஸைக் கட்டாயமாக்கி, வெள்ளைக்காரர்களுக்கு விலக்குத் தந்தது. அந்தச் சட்டம் நடப்பில் இருந்த காலத்தில்தான், 1911 ஜூன் 17 அன்று, செங்கோட்டை வாஞ்சிநாதன் மணியாச்சி ரயில் நிலையத்தில் கலெக்டர் ஆஷைச் சுட்டார். கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரவுனிங் பிஸ்டல். ரயில் பெட்டிக்குப் பக்கத்தில் வரும்வரை யார் கண்ணிலும் படாமல் கொண்டுவரக்கூடிய அளவு அது. பிறகு பிளாட்பாரத்துக் கழிவறைக்குள் ஓடித் தன்னையே சுட்டுக்கொண்டார். அதற்கு முன்பே புதுச்சேரியில் புரட்சிக்காரர் வ.வே.சு. ஐயரிடம் சுடப் பழகியிருந்தார் என்று வரலாற்று நூல்கள் சொல்கின்றன. அன்றைய அரசு இந்தச் சின்ன ஆயுதத்துக்கு ஏன் அஞ்சியது என்பது மணியாச்சியைப் பார்த்தால் புரியும். வெள்ளையருக்கு விலக்குத் தந்த பாரபட்சம் போய்விட்டது. மறைத்து எடுத்துப்போகக்கூடிய ஆயுதத்தின் மேல் அரசுக்குள்ள கவனம் மட்டும் தங்கிவிட்டது. அந்தக் கவனம் ஜனநாயகத்திலும் தேவைதான் என்று நான் நினைக்கிறேன்.

லைசென்ஸ் கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனித் துப்பாக்கி. தேர்வுக்கான வட்டம் சின்னது. 9 எம்.எம்., .38, .455 எல்லாம் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரணக் குடிமகனுக்குக் கிடையாது. தனியார் வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்வதும் 1980-களின் நடுவிலிருந்து நின்றுபோனது. அதனால்தான் பழைய வெளிநாட்டுப் பிஸ்டல் கைமாறும்போது அநியாய விலை சொல்கிறார்கள். மீதி இருப்பது பெரும்பாலும் .32, அப்புறம் .22.

கான்பூரில் அரசு ஆலை செய்யும் .32 ரிவால்வர் வெகுநாளாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஆறு தோட்டா போடலாம். பழைய வெப்ளி முறைப்படி நடுவில் மடங்கித் திறக்கும். 2014-இல் கான்பூரிலிருந்தே 'நிர்பீக்' என்ற ரிவால்வர் வந்தது. டெல்லியில் 2012-இல் தாக்கப்பட்டு உயிரிழந்த பெண்ணின் நினைவாகப் பெயர் வைத்து, பெண்களுக்கானது என்று விற்றார்கள். எடை 500 கிராம், அதாவது அரை லிட்டர் பால் பாக்கெட் அளவு. விலை அப்போதே 1,22,360 ரூபாய். அந்த விலையைப் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. கடைசி பஸ்ஸில் இறங்கி ஊருக்கு நடக்கிற பெண்ணுக்கு வேண்டியது தெருவிளக்கும் நேரத்துக்கு வரும் பஸ்ஸும். லட்ச ரூபாய் ரிவால்வரை அவள் பாதுகாப்பு என்று விளம்பரம் செய்தது அரசு செய்யத்தக்க காரியம் இல்லை. 2023 ஆகஸ்டில் வந்த 'பிரபல்' சுமார் 700 கிராம். உருளை பக்கவாட்டில் திறக்கும், 50 மீட்டர் வரை சுடும் என்றார்கள். தற்காப்பு என்று வரும்போது அந்த 50 மீட்டருக்கு வேலையே இல்லை. அவ்வளவு தள்ளி நிற்கிறவனிடமிருந்து தப்பி ஓடத்தான் புத்தி சொல்லும். பிஸ்டல் வேண்டும் என்பவர்களுக்கு அரசு ஆலையின் 'அஷானி' இருக்கிறது. ரிவால்வருக்கும் பிஸ்டலுக்கும் .32 என்றே பெயர் இருந்தாலும் தோட்டா வேறு வேறு. ஒன்றுக்கு உரியதை மற்றதில் போடக் கூடாது.

முதல் தடவை வாங்குகிறவருக்கு நான் ரிவால்வரைத்தான் சொல்வேன். காரணம் எளியது. உருளையைத் திறந்தால் அறைகள் அத்தனையும் கண்ணுக்குத் தெரியும். தோட்டா இருக்கிறதா இல்லையா என்பதில் சந்தேகமே வராது. ஒரு தோட்டா வெடிக்காமல் நின்றால் விசையை மறுபடி இழுத்தால் போதும், அடுத்தது வந்து நிற்கும். பிஸ்டலில் மேகசினைக் கழற்றியதும் துப்பாக்கி காலி என்று நம்பிவிடுகிறார்கள். மேகசின் கையில் வந்த பிறகும் குழலின் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். துடைக்க எடுத்தபோது வெடித்தது என்று கேள்விப்படும் விபத்துகளில் பல இந்த ஒரு தோட்டாவால் வருபவை. முதலில் மேகசினைக் கழற்று, அப்புறம் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து அறையைக் கண்ணாலும் விரலாலும் பார். இந்த வரிசை கைக்குத் தானாக வர வேண்டும். அதற்கு மாதக்கணக்கில் பழக்கம் வேண்டும். பழகும் இடமோ நம் ஊரில் இல்லை. ரைபிள் கிளப் உள்ள ஊருக்குப் போக வேண்டும். வருஷத்துக்கு எத்தனை தோட்டா வாங்கலாம், ஒரு சமயத்தில் எத்தனை கையிருப்பில் வைக்கலாம் என்பது லைசென்ஸிலேயே எழுதியிருக்கும். அந்த அளவுக்குள்தான் பழக்கமும்.

மறைத்து எடுத்துச் செல்வதற்கு அமெரிக்காவின் பல மாநிலங்களில் நெடுநாள் தனிப் பர்மிட் இருந்தது. இப்போது பாதிக்கு மேற்பட்ட மாநிலங்களில் பர்மிட்டே வேண்டாம். நம் விதி வேறு திசையில் போகிறது. பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துச் சென்றால் உறைக்குள், துப்பாக்கி முழுவதும் மூடியிருக்கும்படி, தன் உடம்போடு, தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க வேண்டும் என்கிறது 32-ஆவது விதி. எடுத்துக் காட்டுவதும் வானத்தை நோக்கிச் சுடுவதும் குற்றம். கல்யாணத்தில் கொண்டாட்டத்துக்குச் சுட்டால் இரண்டு ஆண்டு வரை சிறை என்று 2019-இல் தனியாகவே சேர்த்தார்கள். இடுப்பில் துப்பாக்கி தெரிய மேடையில் உட்காரும் பெரிய மனிதர்கள் விதியை மீறித்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இந்த விதியோடு நம் ஊர் வாழ்க்கையைப் பொருத்திப் பாருங்கள். வேட்டி கட்டுகிறவருக்கு உறையை எங்கே மாட்டுவது? மூத்தவர்கள் கட்டும் அகலமான பச்சை பெல்ட்டில் பணப்பை நிற்கும். முக்கால் கிலோ இரும்பு நிற்காது, உட்கார்ந்து எழுந்தால் சரியும். பைக்கில் போகும்போது பின்னால் இடுப்பில் செருகினால், விழுந்தால் முதுகெலும்பில் அடிபடும். குற்றாலம் சீசனில் ஐந்தருவிக்குக் குடும்பத்தோடு போகிறார். எண்ணெய் தேய்த்து அருவிக்குள் நுழைகிறவர் துப்பாக்கியை எங்கே வைப்பார்? காரில் வைத்துப் பூட்டினால் அது அவர் கட்டுப்பாட்டில் இல்லை. மனைவியிடம் கொடுத்தால், லைசென்ஸ் இல்லாதவர் கையில் ஆயுதம். ஆகவே வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவார். வயலுக்கு, கோயிலுக்கு, துக்க வீட்டுக்கு என்று ஒவ்வொன்றாக விட்டுவிட்டுப் போகப் போக, அது பீரோவில் கிடக்கும் பொருளாகிவிடும்.

பீரோவில் கிடந்தாலும் சும்மா கிடக்காது. ஜூன் முதல் சாரல் அடிக்கும் ஊரில் தோல் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். உறையோடு போட்டு வைத்தால் இரும்பில் துரு பூக்கும், தோட்டாவின் பித்தளையில் பச்சை பிடிக்கும். உறையை விட்டு எடுத்து, எண்ணெய்த் துணியால் துடைத்து, தோட்டாவைத் தனியே பூட்டி வைக்க வேண்டும். அப்படிப் பூட்டியது திருடன் வந்த நிமிஷத்தில் கைக்கு வராது. தலையணைக்கு அடியில் வைத்தால் கைக்கு வரும். பேரப்பிள்ளை கைக்கும் வரும். இந்த இக்கட்டுக்கு எந்தக் கம்பெனியும் தீர்வு செய்து விற்கவில்லை.

வீட்டிலுள்ள துப்பாக்கி பெரும்பாலும் யாரைக் கொல்கிறது என்பதைக் கணக்கெடுத்தே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் சுமார் 2.6 கோடிப் பேரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2020-இல் வெளிவந்தது. கைத்துப்பாக்கி வைத்திருக்கும் ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொள்வது, வைத்திராத ஆண்களைப் போல எட்டு மடங்கு. பெண்களிடம் 35 மடங்கு. கடன் நெருக்கும் வீட்டில், குடியும் கோபமும் உள்ள வீட்டில், மனம் சோர்ந்த ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தப் பொருள் நுழையவே கூடாது. மருத்துவர் தரும் சான்று ஒரு நாள் சான்று. வீட்டின் நிலைமை வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். லைசென்ஸுக்கு விண்ணப்பிக்கும் முன் அவர் மனைவியைக் கேட்க வேண்டும். மனைவி வேண்டாம் என்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும்.

சுட்டுவிட்டால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டே வாங்க வேண்டும். தற்காப்பு உரிமை 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையுள்ள பிரிவுகளில் இருக்கிறது. தேவைக்கு மேல் தாக்கக் கூடாது. போலீஸ் உதவியை நாட நேரம் இருந்தால் இந்த உரிமை இல்லை. பணப்பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறவனின் முதுகில் சுட்டவர், ரொக்கத்தை மீட்டாலும் கோர்ட் வாசலில் வருஷங்களைக் கழிப்பார். வியாபாரிகளுக்கு என் யோசனை, ரிவால்வருக்குச் செலவிடும் பணத்தில் ரொக்கத்தைக் குறையுங்கள் என்பதுதான். கூலியை வங்கிக் கணக்கில் போடுங்கள், வசூலை அன்றன்றே கட்டுங்கள், தினமும் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் வராதீர்கள், துணைக்கு ஆள் கூட்டி வாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் மெய்யான மிரட்டல் உள்ளவர் சிலர் இருப்பார்கள். அவர்கள் வாங்கட்டும். லைசென்ஸ் ஐந்து ஆண்டுக்கு. காலாவதி தேதியை மறந்தால் அன்றிலிருந்து அது சட்டவிரோத ஆயுதம், தண்டனை இரண்டிலிருந்து ஐந்து ஆண்டு வரை. தேர்தல் அறிவித்ததும் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொன்னால் ஒப்படைத்து ரசீது வாங்கி வையுங்கள். 70 வயது ஆனாலோ, 25 ஆண்டு வைத்திருந்தாலோ வாரிசு பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். வாரிசுக்கு வேண்டாமென்றால் உயிரோடு இருக்கும்போதே விற்றுவிடுவது நல்லது. லைசென்ஸ்தாரர் திடீரென்று இறந்து, பதினாறாம் நாள் காரியம் முடிந்து பீரோவைத் திறக்கும்போது அந்த வீட்டில் ஒருவருக்கும் லைசென்ஸ் இல்லை. அப்போது அதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருக்காமல் காவல் நிலையத்துக்குத் தகவல் சொல்லி, எழுத்துமூலம் ஒப்படைக்க வேண்டும். இதை வீட்டில் இருப்பவர்களிடம் வாங்கும் அன்றைக்கே சொல்லி வையுங்கள்.