கைப்பேசியில் கற்கும் கால்பூட்டு: முழங்காலுக்கு யார் பொறுப்பு?

புக்கிட் ஜாலில் ஆசியாட்டா அரங்கில் 2022 அக்டோபர் 22 அன்று ஒன் சாம்பியன்ஷிப் நடத்திய பட்டப் போட்டி அது. 19 வயது அமெரிக்கர் கேட் ருவோட்டோலோ, ரஷ்யாவின் உவாலி குர்ஷேவின் காலைத் தன் கால்களுக்கிடையில் சிக்கவைத்து, குதிகாலை மடக்கிப் பிடித்துத் திருகினார். குர்ஷேவ் தோல்வியை ஒப்புக்கொண்டு தட்டினார். ஐந்து நிமிடம் ஆவதற்குள் உலகப் பட்டம் யாருக்கு என்று முடிவாகிவிட்டது.

அரங்கில் நடுவர் இருந்தார். மோதிய இருவரும் பல ஆண்டுகள் பயின்றவர்கள். எப்போது விட வேண்டும், எப்போது தட்ட வேண்டும் என்பது அவர்கள் உடம்பில் ஊறியிருந்தது. ஆனால் அந்தக் காட்சி கைப்பேசிக்கு வரும்போது திருகும் நொடி மட்டும்தான் வருகிறது.

புக்கிட் ஜாலிலில் ரயிலேறினால் அதே தடத்தில் மஸ்ஜித் ஜாமெக்கில் இறங்கி மஸ்ஜித் இந்தியாவுக்கு நடந்துவிடலாம். இங்கே துணிக்கடையிலும் உணவகத்திலும் நாணய மாற்று முகப்பிலும் நாள் முழுக்க நின்று வேலை பார்க்கும் தம்பிகளுக்காகவே இதை எழுதுகிறேன். கடை அடைக்க இரவு பத்தாகிவிடும். அந்த நேரத்தில் பெரும்பாலான பயிற்சிக்கூடங்கள் வகுப்பு நடத்துவதில்லை. மாதக் கட்டணமும் சம்பளத்தில் பெரிய துண்டு. ஆகவே தங்கும் அறையில் பாயை விரித்து, காணொளியைப் பார்த்துப் பார்த்து, கூட இருப்பவன் காலைப் பிடித்துப் பழகுகிறார்கள். ஆர்வத்தில் பிழையே இல்லை. செந்தூல் பையன் அகிலன் தாணி 2017இல் சிங்கப்பூரில் பென் அஸ்க்ரனோடு கலப்புத் தற்காப்புக் கலை உலகப் பட்டத்துக்கு மோதியதைப் பார்த்தவர்கள் நாம். அதில் பயன்படும் பிரேசிலிய ஜியு-ஜிட்சுவும் நமக்கு அந்நிய விளையாட்டு அல்ல. என் கவலை ஜியு-ஜிட்சுவில் உள்ள ஒரு பிடியைப் பற்றியது: ஹீல் ஹூக் எனப்படும் குதிகால் திருகு.

முழங்கால் மடங்கவும் நீளவும் அமைந்த மூட்டு. பக்கவாட்டில் சுழல அதற்குக் கிடைத்திருக்கும் இடம் மிகக் கொஞ்சம். குதிகால் திருகில் எதிராளியின் தொடையை உங்கள் கால்கள் அசையவிடாமல் இறுக்கிக்கொள்கின்றன. பாதம் அக்குளில் சிக்குகிறது, முன்கை குதிகாலை அணைக்கிறது. உடம்பைத் திருப்பியதும் பாதம் ஒரு கைப்பிடிபோல வேலை செய்து கணுக்காலைச் சுழற்றுகிறது. கணுக்காலில் சுழல இடம் தீர்ந்ததும் கெண்டைக்கால் எலும்பே சுழலத் தொடங்குகிறது. தொடையெலும்பு நகராமல் நிற்க, அதன் கீழே கால் எலும்பு திரும்ப, இரண்டையும் பிணைத்து வைத்திருக்கும் தசைநார்கள் முழு விசையையும் வாங்குகின்றன. ஏசிஎல் என்று விளையாட்டுச் செய்தியில் அடிபடும் தசைநாரும், பக்கவாட்டுத் தசைநார்களும், மெனிஸ்கஸ் என்னும் குருத்தெலும்புத் தகடும் அங்கேதான் இருக்கின்றன.

முழங்கையை நீட்டி எதிர்ப்பக்கம் வளைக்கும் பிடியில் பெரும்பாலும் வலி முதலில் வரும். தட்ட நேரம் கிடைக்கும். குதிகால் திருகில் அந்த முன்னறிவிப்பை நம்ப முடியாது. லேசான அழுத்தம்தானே என்று இருக்கும்போதே உள்ளே ‘டப்’ என்று கேட்டுவிடலாம். பிடிபட்டவர் பதறிப்போய்த் தவறான பக்கம் உருண்டால், திருகுகிறவர் கூட்டாத விசையை அந்த உருளலே கூட்டிவிடும். இவ்வளவையும் காணொளி பார்த்தவர் அறிந்திருக்கலாம். ஆனால் அறையில் காலைக் கொடுத்துப் படுத்திருக்கும் நண்பர் அந்தக் காணொளியைப் பார்த்திருப்பாரா?

2023 ஜனவரியில் பாங்காக்கில் நடந்த ஒன் சாம்பியன்ஷிப் பட்டப் போட்டியையும் பாருங்கள். மைக்கி முசுமெச்சி மங்கோலியாவின் கந்துமூர் பயந்தூரனை மீண்டும் மீண்டும் கால்பூட்டில் மாட்டினார். கந்துமூர் தட்டவே இல்லை. கால் சேதமான பிறகும் ஆட்டம் முடியும்வரை தாங்கி, நடுவர்கள் தீர்ப்பில் தோற்றார். உலகமே அவர் மனவுறுதியை வியந்தது. எனக்கு அது வியப்பாக இல்லை, வேதனையாகத்தான் இருந்தது. மறுநாள் காலை பத்து மணிக்குக் கடை திறந்து பன்னிரண்டு மணி நேரம் நிற்க வேண்டிய ஒருவர் அதைப் பின்பற்றினால் அவர் வீட்டுக்குப் போகும் பணம் நின்றுபோகும்.

இந்தப் பிடியின் அபாயத்தை விளையாட்டு உலகம் முன்பே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஜூடோ போட்டிகளில் கால்பூட்டுக்கே இடமில்லை. விளையாட்டுச் சாம்போவில் கால்பூட்டு உண்டு, குதிகால் திருகு கிடையாது. ஜியு-ஜிட்சுவின் பெரிய அமைப்பான ஐபிஜேஜேஎஃப் 2021இல்தான் அதை அனுமதித்தது. அதுவும் சீருடை இல்லாத போட்டியில், வயதுவந்தோர் பிரிவில், பழுப்பு, கருப்புப் பட்டைக்காரர்களுக்கு மட்டும். வெள்ளைப் பட்டைக்காரருக்கு அங்கே உள்ள கால்பூட்டு நேர்க் கணுக்கால் பூட்டு ஒன்றே. 16 வயதுக்குக் கீழ் அதுவும் இல்லை. உலகப் போட்டியில் பல வருடப் பயிற்சிக்குப் பின் தரும் ஒன்றை முதல் வாரத்திலேயே பழகுவது எவ்வளவு அவசரம் என்று இதை வைத்தே கணக்கிடலாம்.

காணொளிகளைக் குறை சொல்லவில்லை. பயிற்றுநர் ஜான் டானஹர் 2018இல் வெளியிட்ட கால்பூட்டுத் தொகுப்பு இந்தக் கலையின் போக்கையே மாற்றியது. அவருடைய மாணவர்கள் கோர்டன் ரையனும் கேரி டோனனும் மேடையில் அதை நிரூபித்தார்கள். ஆஸ்திரேலியாவின் லக்லன் கைல்ஸ் 2019 ஏடிசிசி போட்டியில் தன்னைவிடப் பல கிலோ கூடுதலான மூவரைக் குதிகால் திருகில் வீழ்த்தினார். அவர் படிப்பால் பிசியோதெரபிஸ்ட். முழங்காலின் உள்ளமைப்பை அறிந்தவர். டானஹர் பாடத்தில் பெரும்பகுதி எதிராளியை நகரவிடாமல் கட்டுப்படுத்துவது எப்படி என்பதுதான், திருகுவது கடைசியில் வருகிறது. மணிக்கணக்கான பாடத்தைத் தாண்டி அந்தக் கடைசி நிமிடங்களுக்கு ஓட்டிப் பார்ப்பதில்தான் ஆபத்து.

காணொளியிலிருந்து கற்கத்தான் வேண்டுமென்றால் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். முதலில் தப்பிக்கும் பாடம்: குதிகாலை ஒளித்துவைப்பது, முழங்காலைப் பிடியிலிருந்து உருவுவது. அதை இருவரும் சேர்ந்து பாருங்கள், ஒருவர் மட்டும் பார்த்த பாடத்தை மற்றவர் காலில் பரிசோதிக்காதீர்கள். அடுத்து கால்களைப் பின்னிக் கட்டுப்படுத்தும் நிலைகள். பூட்டு என்று பழகினால் நேர்க் கணுக்கால் பூட்டோடு நிறுத்துங்கள். குதிகால் திருகைப் பயிற்றுநர் கண்ணெதிரே மட்டும் பழகுங்கள். அங்கும் குதிகால் கைக்கு வந்ததுமே ஆட்டம் முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிடித்தவர் திருகாமல் விடுகிறார், பிடிபட்டவர் வலிக்குக் காத்திராமல் தட்டுகிறார். கை சிக்கியிருந்தால் வாயால் ‘டேப்’ என்று சொன்னாலே போதும். சீமெந்துத் தரையில் விரித்த கோரைப்பாயில் இவை எதையும் செய்ய வேண்டாம்.

சத்தம் கேட்டுவிட்டால் அன்றிரவு செய்யக்கூடாத முதல் காரியம் உருவிவிடுவது. நம்மவர்களுக்கு எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை ஆழமானது. புதிதாகக் கிழிந்த தசைநாரை நீவினால் வீக்கமும் ரத்தக்கசிவும் கூடும். துணி சுற்றிய ஐஸ், இறுக்கமில்லாத கட்டு, காலை உயர்த்தி வைத்தல், ஊன்றாமல் இருத்தல் ஆகியவையே முதலுதவி. ஓரிரு மணி நேரத்தில் முழங்கால் பந்தாக வீங்கினால், நான்கு அடி ஊன்றி நடக்க முடியாவிட்டால், மூட்டு பாதியில் பூட்டிக்கொண்டு நீளாவிட்டால் மருத்துவமனைக்குப் போங்கள். பாதம் சில்லிட்டாலோ, மரத்துப்போனாலோ, பாதத்தை மேலே தூக்க முடியாவிட்டாலோ அந்த நிமிடமே அவசரப் பிரிவுக்கு. ரத்தக்குழாயோ நரம்போ அடிபட்டிருக்கலாம்.

எக்ஸ்ரே எடுத்து ‘எலும்பு முறியவில்லை’ என்று அனுப்பிவிட்டால் நிம்மதியாகிவிடாதீர்கள். தசைநார் எக்ஸ்ரேயில் தெரியாது. இரண்டு மூன்று வாரம் கழித்தும் படியிறங்கும்போது முழங்கால் நழுவினால், எம்ஆர்ஐ தேவையா என்று எலும்பு மருத்துவரிடமோ விளையாட்டு மருத்துவரிடமோ கேளுங்கள். ஏசிஎல் அறுவை செய்தவர் விளையாட்டுக்குத் திரும்பப் பொதுவாக ஒன்பது மாதமாவது ஆகும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கு அரசு மருத்துவமனைக் கட்டணமும் குடிமக்களுக்குரியது அல்ல. முதலாளி எடுத்த காப்புறுதி விளையாட்டுக் காயத்தை ஏற்குமா என்பதை இப்போதே கேட்டு வையுங்கள். தனிநபர் விபத்துக் காப்புறுதி வைத்திருந்தால், தற்காப்புக் கலை விலக்குப் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சிக்கூடத்தில் சேரும் முதல் நாளே நீட்டும் தாளில், எந்தக் காயத்துக்கும் நிர்வாகம் பொறுப்பல்ல என்றிருக்கும். கையெழுத்துப் போட்டாகிவிட்டதே, இனி என்ன கேட்பது என்று பலர் அடிபட்ட பின்னும் வாய்மூடி இருக்கிறார்கள். அந்தத் தாள் கடைசி வார்த்தை அல்ல. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம், சேவை தருகிறவர் நியாயமான கவனத்தோடும் திறமையோடும் அதைத் தர வேண்டும் என்கிறது. 2010 திருத்தத்தில் சேர்ந்த நியாயமற்ற ஒப்பந்த விதிகள் பற்றிய பகுதியைக் கொண்டு, அலட்சியத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் வாசகத்தை நீங்கள் எதிர்க்கலாம். விளையாட்டின் இயல்பான ஆபத்தை நீங்கள் ஏற்றுக்கொண்டது உண்மைதான். ஆனால் முதல் வாரத்துப் பையனை மேற்பார்வையே இல்லாமல் குதிகால் திருகுக்கு விட்டது அந்த இயல்பான ஆபத்தில் அடங்குமா என்பதை நீதிமன்றம் கேட்கும். தட்டிய பிறகும் விடாமல் திருகிய கூட்டாளி விஷயத்திலும் இதே கேள்வி எழும்.

எங்கே போவது என்பதில்தான் பலர் தடம் மாறுகிறார்கள். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமல், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் பதிய வேண்டும். ஆனால் உடற்காயத்துக்கான இழப்பீட்டை அந்த மன்றம் விசாரிக்காது. முன்கூட்டிக் கட்டிய ஆண்டுக் கட்டணம், விளம்பரத்தில் சொன்ன பயிற்றுநர் வராதது போன்றவற்றுக்குத்தான் அது. கட்டணத்தைப் பொறுத்தவரை சட்டத்தின் 17ஆவது பிரிவு உங்களுக்குத் துணை. தொடர்ச்சியான சேவை ஒப்பந்தத்தை நீங்கள் ரத்து செய்தால், நிர்வாகம் பிடித்துக்கொள்ளக்கூடியவை மொத்தத் தொகையில் 5 விழுக்காடு, பயன்படுத்திய பொருளின் விலை, ஏற்கெனவே பெற்ற சேவையின் மதிப்பு போன்றவைதான். ‘பணம் திருப்பித் தரப்படமாட்டாது’ என்ற பலகை இந்தச் சட்டத்துக்கு மேலானது அல்ல.

காயத்துக்கு இழப்பீடு என்றால் சிவில் நீதிமன்றம்தான்: 100,000 ரிங்கிட் வரை மாஜிஸ்திரேட் நீதிமன்றம், அதற்கு மேல் 10 லட்சம் வரை செஷன்ஸ் நீதிமன்றம். தீபகற்ப மலேசியாவில் பொதுவான கால வரம்பு ஆறு ஆண்டு. வழக்கறிஞருக்கு வசதியில்லாதவர்கள் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தை நாடலாம். தமிழில் பேசி வழி கேட்க வேண்டுமென்றால் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் இருக்கிறது.

நீதிமன்றம் போனாலும் போகாவிட்டாலும் அன்றைக்கே சேர்த்துவைக்க வேண்டியவை சில உண்டு: தேதியிட்ட மருத்துவ அறிக்கை, கட்டண ரசீது, கையெழுத்திட்ட தாளின் படம், வகுப்பில் இருந்த ஒருவரின் பெயரும் எண்ணும், நிர்வாகத்துக்கு வாட்ஸ்அப்பிலாவது எழுதி அனுப்பிய தகவல். பயிற்சிக்கூடத்தில் கண்காணிப்புக் கேமரா இருந்தால், பதிவை அழிக்க வேண்டாமென்று அதே நாளில் எழுத்தில் கேளுங்கள். பல இடங்களில் பழைய பதிவு சில வாரங்களில் தானாக அழிந்துவிடும்.

அறையில் நண்பனோடு பழகும்போது நடந்தால் இந்தப் பாதுகாப்புகளில் பெரும்பாலானவை இல்லை. ரசீதும் இல்லை, பயிற்றுநரும் இல்லை, வழக்குத் தொடுக்க நண்பன் மட்டுமே இருப்பான். இரவு பத்துக்குப் பிறகோ விடுப்பு நாளிலோ வகுப்பு கேட்டு நாலைந்து பேர் சேர்ந்து போய்ப் பேசிப் பாருங்கள். ஆள் சேர்ந்தால் நேரமும் கட்டணமும் பேசி முடிக்கக்கூடியவைதான். பேசும்போது கேட்க வேண்டிய முதல் கேள்வி: புதிதாக வருபவருக்கு இங்கே குதிகால் திருகு எப்போது சொல்லித்தருவீர்கள்?