அருகிலுள்ள பிரதி நிலையம்

முன்னாளில் டில்லியில் வாசிக்கப்பெற்ற தமிழ்ச் செய்தியைச் சென்னை, திருச்சி நிலையங்கள் அஞ்சல் செய்து வந்தமை உங்களிற் பலருக்கு நினைவிருக்கலாம். வாசிப்பவர் எங்கோ இருப்பார். குரலோ அருகிலுள்ள கோபுரத்திலிருந்து வந்து சேரும். லினக்ஸ் என்னும் கணினி இயக்க முறைமைக்கும் இத்தகைய அஞ்சல் நிலையங்கள் உண்டு. அவற்றை ‘மிரர்’ என்பர். பிரதி நிலையம் என்று நாம் வழங்கலாம். மூலக் களஞ்சியத்திலுள்ள மென்பொருள்களை அவை அவ்வப்போது படியெடுத்து வைத்து, கேட்போர்க்கு விலையின்றி வழங்குகின்றன. நம் நாட்டில் சென்னை, கான்பூர் ஐ.ஐ.டி.கள் இப்பணியைச் செய்திருக்கின்றன.

சித்தூரில் என் தமையனார் மகன் சிறியதோர் அச்சகம் நடத்துகிறான். தமிழிலும் தெலுங்கிலும் திருமண அழைப்பிதழ் அச்சிடுவது தொழில். உபுண்டு லினக்ஸ் நிறுவிய அவன் கணினியில், புதுப்பிப்பு ஒவ்வொரு முறையும் பாதியில் நின்றுபோகவே, எட்டு மாதங்களாக அதனைத் தொடவே இல்லை. ஊரார் முகவரியும் தொலைபேசி எண்ணும் அப்பெட்டியில் இருக்கின்றன. பாதுகாப்புத் திருத்தம் ஒன்றேனும் ஏறவில்லை! திருப்பதிக்குச் செல்லும் வழியில் நான் அங்கே தங்கியபோது பார்த்தேன். அவன் கணினி கடல்கடந்த ஒரு நிலையத்தையே நாடிக்கொண்டிருந்தது.

சித்தூருக்கும் சென்னைக்கும் ஏறத்தாழ 150 கிலோமீட்டர். ஆயின் இங்கே அண்மை என்பது மைற்கல்லால் அளப்பதன்று. இணைப்பு தரும் நிறுவனத்தின் கம்பி எவ்வழியே செல்கிறதோ அதுவே கணக்கு. சித்தூருக்கு விரைவாயிருக்கும் நிலையம் திருப்பதிக்கு மந்தமாகலாம். உபுண்டுவில், சிறந்த சர்வரைத் தேர்ந்தெடுக்கும் பொத்தானை அழுத்தினால், கணினியே நிலையங்களைச் சோதித்து விரைவானதைக் காட்டும்.

“யாரோ நடத்தும் நிலையமாயிற்றே, சித்தப்பா! இடையில் எதையேனும் கலந்துவிட்டால்?” என்று அவன் வினவினான். நல்ல கேள்வி. மூல வெளியீட்டாளர் தம் பட்டியலில் மறைகுறிக் கையொப்பம் இடுகின்றனர். ஒவ்வொரு மென்பொருட் பொதிக்கும் கைரேகை போன்றதோர் எண் கோவை அப்பட்டியலின் வழியே உறுதி செய்யப்படுகிறது. கணினியில் முன்னரே உள்ள திறவியைக்கொண்டு கையொப்பம் சரிபார்க்கப்படும். ஓரெழுத்து மாறினும் பொதி ஏற்கப்படாது. ஆகவே நிலையத்தை நடத்துபவரை நாம் அறிந்திருக்க வேண்டுவதில்லை. கையொப்பம் பொருந்தவில்லை என்னும் எச்சரிக்கையை மட்டும் ஒருபோதும் வாயடைக்கலாகாது. படியெடுப்பு நடந்துகொண்டிருக்கும் வேளையிலும் எண் கோவை பொருந்தாமற்போவதுண்டு. சில மணி நேரம் கழித்து மீண்டும் முயலலாம், அல்லது வேறு நிலையத்தை நாடலாம்.

பிரதி நிலையம் மூலத்திற்குச் சற்றுப் பின்தங்கக் கூடும். அதனால் பாதுகாப்புத் திருத்தங்களுக்குரிய வரியை மட்டும் மாற்றாமல் மூல நிலையத்திலேயே விட்டுவைத்தோம்.

அன்றிரவு பதிவிறக்கத்தின் நடுவே மின்சாரம் நின்றது. பையன் என் முகத்தைப் பார்த்தான். விளக்கு எரிந்ததும் மீண்டும் தொடங்கினோம். இறங்கியவை அப்படியே இருந்தன, பாதியில் நின்ற பொதி விட்ட இடத்திலிருந்து இறங்கிற்று.